சரக்கு ஏறிய பின் மாறிய கிடங்கு: கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றில் வைஃபை குறுக்கீடு

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டினம் செல்லும் வழியில் உள்ள ஒரு மாங்கூழ் ஆலையில், கடந்த மாம்பழப் பருவத்தின் உச்சத்தில், சரக்குக் கிடங்கின் கையடக்க ஸ்கேனர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பை இழந்தன. பிப்ரவரியில் அந்த ஆலையில் கள அளவீடு செய்து, வைஃபை அலையை வீசிக் கருவிகளை வலையமைப்போடு இணைக்கும், ஆக்சஸ் பாயின்ட் என்று தொழிலில் வழங்கும் அணுகுமுனைகள் எங்கெங்கே அமைய வேண்டும் என்று வரைபடம் போட்டுக் கொடுத்தவன் நான். மே மாதத்தில் முதல் புகார் வந்தபோது, சிக்னல் குறைவாக உள்ள இடங்களில் இன்னும் சிலவற்றை மாட்டிக்கொள்ளுங்கள் என்று தொலைபேசியில் சொன்னவனும் நானே. இரண்டுமே தவறு என்பது ஜூன் மாதம் நேரில் சென்று அளந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்தத் தவறுகள் எவ்வாறு நேர்ந்தன, எவ்வாறு திருத்தப்பட்டன என்பதை அளவுகளுடன் இங்கே எழுதி வைக்கிறேன். இதே மாவட்டத்தில் இதே போன்ற கிடங்குகளில் வேலை எடுப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும்.

ஆலையும் அதன் பருவமும்

இப்பகுதியில் கூழுக்குப் பெரிதும் போவது பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்லப்படும் மாம்பழம். மே மாதம் தொடங்கி ஜூலை வரை ஆலை இரவும் பகலும் ஓடும். மற்ற மாதங்களில் கிடங்கு பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். பிழிந்து, சூடேற்றிக் கிருமி நீக்கிய கூழ், உலோகப் படலம் பூசிய பைகளில் அடைக்கப்பட்டு, அந்தப் பைகள் 200 லிட்டருக்கு மேல் கொள்ளும் இரும்பு டிரம்களுக்குள் வைக்கப்படுகின்றன. ஒவ்வொரு டிரம்முக்கும் தொகுதி எண் கொண்ட லேபிள் ஒட்டி, அதை ஸ்கேனரால் படித்துக் கணினியில் ஏற்ற வேண்டும். எந்தத் தோட்டத்துப் பழம், எந்த நாள் பிழிந்தது, எந்த வெப்பநிலையில் ஏறியது என்று வெளிநாட்டு வாங்குநர் கேட்டால் அந்த எண் ஒன்றுதான் விடை சொல்லும். ஸ்கேனர் இணைப்பை இழந்தால் எண்ணைத் தாளில் எழுதி, ஷிஃப்ட் முடிந்த பின் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும். நான் சென்ற இரவில் அசையாத திரையைப் பார்த்தபடி டிரம்களுக்கு நடுவே பெண் தொழிலாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்த பின் ஒன்றரை மணி நேரம் தங்கிப் பதிவேட்டைச் சரிசெய்ததற்கு அவர்களுக்குக் கூடுதல் கூலி கிடையாது.

கிடங்கு ஏறத்தாழ 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. மேலே தகர ஷீட் கூரை, உயரம் 9 மீட்டர். இதை ஒட்டி பேக்கிங் கூடம். அலுவலகமும் ஆய்வகமும் பழைய கட்டடத்தில் இயங்குகின்றன. அதன் சுவர்கள் ஒன்றரை அடிக் கனமுள்ள கருங்கல். வெளியே லாரிகள் நிற்கும் முற்றம், அதன் வாயிலில் எடை மேடை அறை. பிப்ரவரியில் நான் கொடுத்த வரைபடத்தில் 9 அணுகுமுனைகள் இருந்தன. மே மாத இறுதிக்குள் கிடங்கில் 3, பேக்கிங் கூடத்தில் 1, அலுவலகத்தில் 1 எனச் சேர்க்கப்பட்டு அவை 14 ஆகியிருந்தன. புதியவற்றை மாட்டிய பின் நிலைமை மேலும் கெட்டது என்று கிடங்கு மேற்பார்வையாளர் உறுதியாகச் சொன்னார். “சார், பிப்ரவரில நீங்க வந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. சரக்கு ஏற ஏறத்தான் இப்படி ஆவுது. அதுக்கு மேல அஞ்சு மாட்டுனோம், இருந்ததும் போச்சு” என்றார். நான் கருவிகளைக் கொண்டு இரண்டு இரவுகளில் கண்டுபிடித்ததை அவர் அந்த மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டிருந்தார்.

முறை வைத்துப் பாயும் வாய்க்கால்

அளவுகளுக்குள் செல்லும் முன், வைஃபையில் குறுக்கீடு என்பது எதைக் குறிக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். அதைச் சிக்னல் குறைவு என்று நினைப்பதிலிருந்தே எல்லாக் கோளாறும் தொடங்குகிறது.

கிருஷ்ணகிரி அணைப் பாசனத்தில் நிலம் உள்ளவர்களுக்கு முறை வைத்து நீர் பாய்ச்சுவது பழகிய ஒன்று. ஒரே வாய்க்காலில் பத்துப் பேர் நீர் எடுக்கலாம். ஆனால் முறை வந்தவர் மடையைத் திறந்திருக்கும்போது மற்றவர்கள் அடைத்து வைத்திருக்க வேண்டும். பங்காளிகள் கூடக் கூட ஒவ்வொருவருடைய முறையும் தள்ளிப்போகுமே தவிர, வாய்க்காலில் நீர் கூடுவதில்லை. வைஃபையும் அப்படித்தான். ஒரே சேனலில், அதாவது அலைக்கற்றையின் ஒரே துண்டில், இயங்கும் கருவிகள் அனைத்தும் பேசுவதற்கு முன் காதுகொடுத்துக் கேட்கின்றன. வேறொன்று பேசுவது கேட்டால் அது முடியும்வரை காத்திருக்கின்றன. ஆகவே ஒன்றையொன்று கேட்கும் தூரத்தில் ஒரே சேனலில் நான்கு அணுகுமுனைகளை மாட்டினால் நான்கு வலையமைப்புகள் கிடைப்பதில்லை. ஒரே வலையமைப்பு நான்கு பங்காகிறது.

இதில் தூரக் கணக்கு நம்மை ஏமாற்றும். சிக்னலின் வலுவை டிபிஎம் என்ற அலகில் அளக்கிறோம்; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மெலிகிறது. ஸ்கேனர் தடையின்றி இயங்க மைனஸ் 67 டிபிஎம் அளவுக்குச் சிக்னல் வேண்டும் என்பது தொழிலில் பொதுவாகக் கொள்ளும் அளவு. ஆனால் 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் மைனஸ் 82 டிபிஎம் அளவுக்கு மெலிந்த வைஃபை சிக்னல் கேட்டாலே ஒரு கருவி தன் பேச்சை நிறுத்தி வைக்கும். இரண்டுக்கும் இடையே 15 டெசிபெல் உள்ளது. தடையற்ற வெளியில் தூரம் இரட்டிக்கும்போது சிக்னல் 6 டெசிபெல் குறைகிறது என்ற கணக்கில் பார்த்தால், ஓர் அணுகுமுனை பயன் தரும் தூரத்தைப் போல ஐந்தரை மடங்கு தூரம் வரை அது பிறரை வாயடைக்கச் செய்கிறது. வரைபடத்தில் நாம் போடும் வட்டங்கள் பயன் தரும் எல்லையை மட்டுமே காட்டுகின்றன. தடுக்கும் எல்லையை வரைந்தால் அந்த ஆலையின் வரைபடமே முழுதும் கறுத்துப்போயிருக்கும்.

சேனல்கள் பாதி மட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவது இதைவிடக் கெடுதலானது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் சேனல்களின் மையங்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்துள்ளன; ஆனால் ஒவ்வொரு சேனலும் 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையாத அகலத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் 1, 6, 11 ஆகிய மூன்றை மட்டுமே ஒன்றோடொன்று மோதாமல் பயன்படுத்த முடிகிறது. 6இல் உள்ள ஒரு கருவிக்கு 8இல் உள்ள கருவியின் பேச்சு மொழியாகக் கேட்பதில்லை, இரைச்சலாகவே விழுகிறது. முறை கேட்டுக் காத்திருக்க வழியில்லாமல் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி இரண்டும் சிதைகின்றன. ஒரே வாய்க்காலில் முறை வைத்துக்கொள்வது ஒன்று. பக்கத்து வாய்க்காலின் கரை உடைந்து நம் வயலில் பாய்வது வேறு.

ஜூனில் அளந்தவை

முதலில் நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு, பேக்கிங் ஓட்டம் நின்றிருந்த ஒரு மணி நேரத்தில், 2.4 கிகாஹெர்ட்ஸின் 6ஆம் சேனல் எவ்வளவு நேரம் நிறைந்திருக்கிறது என்று பார்த்தேன். எவரும் எதையும் அனுப்பாத அந்நேரத்திலும் காற்று பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. அணுகுமுனை ஒவ்வொன்றும், தான் சுமக்கும் ஒவ்வொரு வலையமைப்புப் பெயருக்கும், ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற பீக்கன் அறிவிப்பை 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. மிகப் பழைய 1 எம்பிபிஎஸ் (நொடிக்குப் பத்து லட்சம் பிட்) வேகம் அனுமதிக்கப்பட்டிருந்தால் அறிவிப்பு அந்த வேகத்திலேயே செல்லும். 250 பைட் நீளமுள்ள ஓர் அறிவிப்புக்கு, அதற்கு முன் செல்லும் தொடக்கக் குறியான முன்னொலியுடன் சேர்த்து ஏறத்தாழ 2.2 மில்லிநொடி, அதாவது காற்றின் நேரத்தில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் போகிறது. அலுவலகம், ஸ்கேனர், கேமரா, விருந்தினர், ஓட்டுநர் என ஐந்து பெயர்கள். 6ஆம் சேனலில் ஒன்றையொன்று கேட்கும் நான்கு அணுகுமுனைகள். ஆக 20 அறிவிப்புகள். ஒரு டிரம் கூட ஸ்கேன் ஆகும் முன்பே 43 சதவீத நேரம் செலவாகியிருந்தது. எஞ்சியதை எடை மேடைக்கு எதிரே உள்ள கடையின் ரூட்டரும், பழம் ஏற்றி வந்து வரிசையில் நின்ற லாரிகளில் ஓட்டுநர்கள் போட்டிருந்த கைபேசி ஹாட்ஸ்பாட்டுகளும் பங்கிட்டுக்கொண்டன. பிப்ரவரியில் அந்த லாரிகள் இல்லை.

5 கிகாஹெர்ட்ஸில் நிலைமை வேறு விதமாகக் கெட்டிருந்தது. அங்கே சேனல் அகலம் 80 மெகாஹெர்ட்ஸாக இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்தபடியே விடப்பட்ட அமைப்பு அது, நானும் பிப்ரவரியில் அதை மாற்றவில்லை. அந்த அகலத்தில், ராடார்களும் பயன்படுத்துவதால் ராடார் உள்ளதா என்று கேட்டு ஒதுங்க வேண்டிய சேனல்களைத் தவிர்த்தால், எஞ்சுவது 36 முதல் 48 வரை ஒன்று, 149 முதல் 161 வரை ஒன்று என இரண்டே துண்டுகள். 14 அணுகுமுனைகளும் அந்த இரண்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஒரு ஸ்கேனர் அனுப்புவது சில நூறு பைட் மட்டுமே. அதற்கு 80 மெகாஹெர்ட்ஸ் அகலப் பாதையால் எந்தப் பயனும் இல்லை.

இவற்றையெல்லாம் விட எனக்குப் பாடமாக அமைந்தது கிடங்கின் உயரக் கணக்கு. கிடங்கின் ஆறு அணுகுமுனைகளும் கூரையின் இரும்புச் சட்டத்தில், 9 மீட்டர் உயரத்தில் தொங்கின. பிப்ரவரியில் தரை காலியாக இருந்தபோது அங்கிருந்து கிடங்கின் எல்லா மூலைகளும் நன்றாகத் தெரிந்தன. என் அளவீட்டுத் தாள் முழுவதும் பச்சை. ஜூனில் டிரம்கள் மூன்று அடுக்காக ஏறி, நடுவில் நான்கு சக்கரத் தள்ளுவண்டியும் ஃபோர்க்லிஃப்டும் செல்லும் ஐந்து சந்துகள் மட்டும் விடப்பட்டிருந்தன. இரும்பு அலையைத் திருப்பி விடுகிறது. அதனால் மூன்றாவது சந்தின் நடுவில் குனிந்து லேபிள் படிப்பவரின் ஸ்கேனருக்குத் தலைக்கு மேலிருந்த அணுகுமுனை மைனஸ் 74 முதல் மைனஸ் 78 டிபிஎம் வரைதான் கேட்டது. ஆனால் டிரம் அடுக்குகளுக்கு மேலே, கூரைக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் எந்தத் தடையும் இல்லை. அங்கே அணுகுமுனைகள் ஒன்றையொன்று மைனஸ் 50 முதல் மைனஸ் 60 டிபிஎம் வரை மிகத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தன. யார் கேட்க வேண்டுமோ அவருக்குக் கேட்கவில்லை. யார் கேட்கக் கூடாதோ அவை ஒன்றுக்கொன்று வழிவிட்டுக் காத்திருந்தன. இந்த நிலையில் இன்னும் மூன்றைக் கூரையில் மாட்டச் சொன்ன என் ஆலோசனை, காத்திருப்பவர் வரிசையில் மேலும் மூவரை நிறுத்தியதற்குச் சமம்.

அலையை வீசும் திறனின் அமைப்பும் அதே திசையில் தவறாக இருந்தது. எல்லா அணுகுமுனைகளும் முழுத் திறனில் பேசின. ஸ்கேனரின் திறனோ ஏறத்தாழ 15 டிபிஎம் அளவில் நின்றுவிடுகிறது. அணுகுமுனையின் குரல் ஸ்கேனருக்கு எட்டினாலும் ஸ்கேனரின் பதில் அங்கே எட்டுவதில்லை. திரையில் நான்கு கோடு நிறைந்திருக்க, வேலை நடக்காது. அதோடு, முழுத் திறனில் பேசும் தொலைதூர அணுகுமுனையை ஸ்கேனர் எளிதில் விடுவதில்லை. முதல் சந்தில் பிடித்த இணைப்பை ஐந்தாம் சந்து வரை இழுத்துக்கொண்டு போய் அங்கே அறுத்துக்கொள்ளும்.

மாற்றி அமைத்தது

மாற்றங்களை இரண்டு இரவுகளில், உற்பத்தி நிற்காமல், பகுதி பகுதியாகச் செய்தோம். முதலில் செய்தது கழிப்பது. மே மாதத்தில் சேர்த்த ஐந்தையும் கழற்றினோம். கிடங்கின் கூரையில் எதையும் விடவில்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு சந்தின் முனையிலும் உள்ள தூணில், மூன்றரை மீட்டர் உயரத்தில், ஒரு பக்கம் மட்டும் அலை வீசும் தட்டை ஆன்டெனாவுடன் கூடிய அணுகுமுனையைச் சந்தின் நீளவாக்கில் பார்க்கும்படி வைத்தோம். ஐந்து சந்துகளுக்கு ஐந்து. முதல் சந்துக்கு வடக்கு முனை, இரண்டாவதற்குத் தெற்கு முனை என்று மாற்றி மாற்றி அமைத்ததால், பக்கத்துச் சந்துகளின் அணுகுமுனைகள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்ப்பதில்லை. டிரம் அடுக்கு இப்போது தடையாக இல்லாமல் சந்துக்குச் சந்து சுவராகப் பயன்பட்டது. கூரையில் ஆறு செய்யாத வேலையைத் தூணில் ஐந்து செய்தன.

சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தோம். ராடார் கேட்க வேண்டாத பகுதியில் மட்டும் 36, 40, 44, 48, 149, 153, 157, 161, 165 என ஒன்பது சேனல்கள் கைக்கு வந்தன. இரண்டு துண்டுகளில் 14 பேர் மோதிக்கொண்ட இடத்தில், கிடங்கின் ஐந்து சந்துகளுக்கும் ஐந்து தனிச் சேனல்கள் கிடைத்தன. அடுத்தடுத்த எண்கள் அடுத்தடுத்த சந்துகளில் வராமல் 36, 149, 44, 157, 40 என்று பிரித்தேன். ஆலையின் இணையச் சேவைக்காக மொட்டைமாடியில் நிற்கும் வெளிப்புறத் தட்டு ஆன்டெனா 157, 161 ஆகிய இரண்டின் மீதும் படர்ந்திருந்தது. கிடங்கினுள் தகரக் கூரைக்குக் கீழே அதன் சுவடே கேட்கவில்லை என்பதால் 157ஐ அங்கே வைக்க முடிந்தது. முற்றத்தில் அவ்விரண்டையும் தொடவில்லை.

அலுவலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் ராடார் பகுதியிலுள்ள 100, 116 ஆகிய சேனல்களைக் கொடுத்தேன். அங்கே அணுகுமுனை பேசத் தொடங்குமுன் ஒரு நிமிடம் காதுகொடுக்கும். ராடார் கேட்டால் அந்தச் சேனலை விட்டு அரை மணி நேரம் விலகி நிற்கும். மேசையில் இருக்கும் கணினிக்கு இது பெரிய இடையூறு அல்ல. நடந்துகொண்டே வேலை செய்யும் ஸ்கேனருக்கு இது பொருந்தாது. இத்தகைய சேனல்களில் ஸ்கேனர் தானாகக் குரல் கொடுத்து அணுகுமுனையைத் தேட முடியாது. பீக்கன் வரும்வரை காத்திருக்க வேண்டும். சந்து மாறும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாமதம் கையில் தெரியும்.

2.4 கிகாஹெர்ட்ஸை 11 அணுகுமுனைகளில் நான்கில் மட்டும் விட்டு மற்றவற்றில் அணைத்தோம். இதை ஆலை நிர்வாகம் முதலில் ஏற்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய கருவியில் பாதியை ஏன் அணைக்க வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நள்ளிரவு 2 மணி அளவீட்டைக் காட்டி விளக்கிய பிறகு ஒப்புக்கொண்டார்கள். வலையமைப்புப் பெயர்களை ஐந்திலிருந்து இரண்டாகக் குறைத்தோம். கேமராக்களைக் கேபிளுக்கு மாற்றினோம். மிகக் குறைந்த வேகத்தை 12 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தினோம். அதே 250 பைட் அறிவிப்பு இப்போது 0.2 மில்லிநொடிக்குள் முடிந்துவிடுகிறது. பேக்கிங் கூடத்தில் இருந்த ஒரு பழைய லேபிள் அச்சுப்பொறிக்கு 11 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் பேசத் தெரியாது. அந்த ஒன்றுக்காக மொத்த ஆலையையும் மெதுவாக்குவதைவிட அதற்கு ஒரு கேபிள் இழுப்பது எளிதாக இருந்தது. இப்படி ஒரு பழைய கருவி எந்த ஆலையிலும் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். குறைந்த வேகங்களை அணைக்கும் முன் அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காலையில் லேபிள் வராது.

திறனைக் கிடங்கில் 12 டிபிஎம் அளவுக்கு இறக்கினோம். 3 டெசிபெல் குறைத்தால் திறன் பாதியாகும் என்பதால், முழுத் திறனான 20இலிருந்து 12க்கு இறங்குவது ஆறில் ஒரு பங்குக்கு வருவதாகும். சேனலைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியையும் நிறுத்தினோம். ஆள் இல்லாத நேரத்தில் நல்லது என்று தெரியும் சேனல் ஷிஃப்ட் நடுவில் நல்லதாக இருப்பதில்லை. வேலை நடக்கும்போது சேனல் மாறினால் அந்த நொடியில் எல்லா ஸ்கேனர்களும் அறுந்துபோகும்.

கருங்கல் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி இரு மாவட்டங்களிலும் கல்லால் எழுப்பிய பழைய கட்டடங்கள் நிறைய உள்ளன. அந்தச் சுவருக்கு இருபுறமும் அளந்தபோது 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலில் 20 டெசிபெல்லுக்கு மேல் காணாமல் போயிருந்தது. பிப்ரவரியில் இதை இழப்பாக மட்டும் பார்த்து, சுவரைத் துளைத்துப் போக வேண்டும் என்று முழுத் திறனில் வைத்தேன். அலுவலகத்தின் உள்ளே ஒன்று, ஆய்வகத்தின் உள்ளே ஒன்று என்று வைத்து, சுவரைத் தன் போக்கில் விட்டுவிட்டால், 2.4 கிகாஹெர்ட்ஸின் 1ஆம் சேனலை ஒரே வளாகத்தில் அலுவலகத்திலும் முற்றத்திலும் இரண்டு முறை பயன்படுத்த முடிகிறது. வேறெங்கும் காசு கொடுத்தாலும் கிடைக்காத தடுப்பு அது.

பருவத்தின் எஞ்சிய நாட்களில்

திருத்தத்துக்குப் பின், கையில் ஸ்கேனருடன் ஐந்து சந்துகளையும் நடந்து அளந்தோம். டிரம்களின் கீழ் அடுக்கு உயரத்தில் குனிந்தபடி, உடல் அணுகுமுனையை மறைக்கும்படித் திரும்பியும் அளந்தோம். மனித உடலும் அலையை உறிஞ்சுகிறது, வேலை செய்பவர் எப்போதும் அணுகுமுனையைப் பார்த்து நிற்பதில்லை. ஒரே ஓர் இடம் தவிர எங்கும் மைனஸ் 67 டிபிஎம்முக்குக் கீழே போகவில்லை. அந்த ஓர் இடம் நான்காம் சந்தின் வடக்குக் கோடி. அங்கே அடுக்கு வரிசை சற்றுக் கோணலாக இருந்ததால் தூணிலிருந்து பார்வை மறைந்தது. அணுகுமுனையை நகர்த்துவதற்குப் பதில், மேற்பார்வையாளர் அடுக்குக் கோட்டைத் தரையில் மஞ்சள் வண்ணத்தில் வரைந்து வைத்தார். நள்ளிரவு 2 மணி அளவீட்டில் 6ஆம் சேனலின் நிறைவு பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியிருந்தது. ஜூலை இறுதியில் ஆலை ஓட்டம் நின்றவரை, ஷிஃப்ட் முடிந்து தாளில் எழுதிய எண்களைத் தட்டச்சு செய்வதற்காக யாரும் தங்கவில்லை.

முற்றம் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. வரிசையில் 30 லாரி நிற்கும் நாளில் 2.4 கிகாஹெர்ட்ஸின் மூன்று சேனல்களிலும் ஹாட்ஸ்பாட்டுகள் கேட்கின்றன. அவற்றை நாம் கட்டுப்படுத்த முடியாது, கட்டுப்படுத்தவும் கூடாது. முற்றத்தில் ஸ்கேன் செய்பவர்களின் கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இணையும்படி வைத்து, எடை மேடைக் கணினிக்குக் கேபிள் இழுத்திருக்கிறோம். மூடிய கன்டெய்னருக்குள் டிரம் ஏற்றும்போது இணைப்பு இப்போதும் போகிறது. இரும்புப் பெட்டிக்குள் நுழைய வெளியிலிருந்து வழியில்லை. அங்கே ஸ்கேனர் எண்களைத் தன்னுள் சேர்த்து வைத்து, வெளியே வந்ததும் அனுப்பும்படி மென்பொருளை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

அலுவலகச் சுவரில் இப்போது இரண்டு வரைபடங்கள் ஒட்டப்பட்டுள்ளன. ஒன்று காலிக் கிடங்கு, மற்றது நிறைந்த கிடங்கு. ஒவ்வொன்றிலும் அணுகுமுனைகளின் சேனலும் திறனும் எழுதப்பட்டிருக்கின்றன. எதையாவது மாட்டினால் அல்லது கழற்றினால் அதில் தேதியிட்டுக் குறிக்க வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். அடுத்த கள அளவீட்டுக்கு ஜூன் இரண்டாம் வாரத்தில், டிரம்கள் மூன்றாம் அடுக்கு ஏறிய பின் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.